ஒருநாள் விருந்தாளியாக வரும் பதிவேடு

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் வெல்டன் ஊரில் மொத்தம் இருநூற்றுப் பதினொரு பேர். அத்தனை பேரும் பக்கத்து ஹார்லோக்காரர்களைத் திருடர்கள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே அவர்களுக்குப் பெண்ணும் கொடுப்பார்கள். விஷயம் நூற்று முப்பது வருஷத்துப் பழசு. மாவட்டத் தலைநகர் எந்த ஊர் என்று தேர்தல் வைத்ததில் வெல்டன் தோற்றது. தோற்றும் மாவட்டப் பதிவேடுகளைத் தர மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில் இருந்த நேரம் ஹார்லோக்காரர்கள் ஆறு வண்டிகளில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வெல்டனுக்கு மிஞ்சியது செங்கல் கோர்ட் கட்டடம் மட்டும்.

அதன் சாவி இப்போது ஒர்லீன் டீட்ஸிடம். வருகிறவர்களுக்கெல்லாம் அவள் முதலில் காட்டுவது தன் கொள்ளுத்தாத்தா அம்புரோஸின் படத்தை. அந்தப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்ட அன்றைய கிளார்க் அவர். துப்பாக்கியோடு தனியாளாய்ப் பதிவேட்டுப் பெட்டகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். எட்டுப் பேர் சேர்ந்துதான் அசைக்க முடிந்ததாம். போன வருஷம் அந்த எட்டு பன்னிரண்டாகியிருந்தது.

ஆகஸ்ட் பிக்னிக் அன்று மட்டும் ஹார்லோவின் கிளார்க் முதல் பதிவேட்டைக் கொண்டுவந்து பழைய மேஜையில் வைப்பார். ஊரார் அதைத் தடவிப் பார்த்து, அவரை வாய்க்கு வந்தபடி திட்டி, செர்ரிப் பழ ‘பை’ பலகாரத்தை ஊட்டாத குறையாகக் கொடுத்து, சாயங்காலம் பதிவேட்டோடு அனுப்பிவைப்பார்கள்.

இந்த வருஷம் ஹார்லோ கிளார்க் கர்ட்டிஸ் விம்மர் கூட்டம் சேருமுன்பே வந்துவிட்டார்.

“வாடா திருடா,” என்றாள் ஒர்லீன்.

“உட்காருங்கக்கா. அட்டையைப் புதுசாத் தைக்கப் பிரிச்சோம். உள்ள இது இருந்துச்சு.”

அந்நாளில் ஹார்லோவுக்கு எழுதிய கடிதம், அம்புரோஸின் கையெழுத்தில். ‘கூரை மறுபடியும் ஒழுகுகிறது. பதிவேடுகள் நனைந்து பாழாகும். ஞாயிறு பத்து மணிக்கு எல்லோரும் சர்ச்சில் இருப்பார்கள். கதவைத் திறந்து வைக்கிறேன். தார்ப்பாய் கொண்டுவரவும். காப்பி இருக்கும்.’

ஒர்லீன் இரண்டு முறை படித்தாள். “காப்பி வேறயா.”

“யார்கிட்டயும் காட்டலக்கா. சொன்னா அப்படியே உள்ள வெச்சுத் தெச்சுடறேன்.”

“உனக்கென்னப்பா, உங்க ஊரு திருடலைன்னு ஆயிடும்.”

“அதான்க்கா எங்களுக்குக் கேவலம். எங்க பாட்டன் துப்பாக்கிச் சண்டை போட்டுத் தூக்கிட்டு வந்தாருன்னு சிலையே வெச்சிருக்கோம்.”

மூலையில் டொக்கென்று சத்தம். காலையில் பெய்த மழை, கூரை ஒழுகி வாளியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாளியை ஒர்லீன்தான் வைத்திருந்தாள். மழை வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்து வைப்பவளும் அவள்தான். அவள் வாளியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

கூட்டம் நிறைந்ததும் கடிதத்தைத் தானே படித்துக் காட்டினாள். ‘காப்பி இருக்கும்’ என்ற வரியையும் விடவில்லை.

“அப்ப அந்தப் பன்னெண்டு பேரு?” என்றார் பின்வரிசையில் தீவனக் கடைக்காரர்.

“காப்பி குடிச்சாங்க,” என்றாள் ஒர்லீன்.

கூரையே இடியும்படி சிரித்தார்கள்.

சாயங்காலம் வானம் மறுபடி கறுத்தது. கர்ட்டிஸ் பதிவேட்டைத் தூக்கப் போனபோது ஒர்லீன் தடுத்தாள். உள்ளே போய்த் தார்ப்பாய் எடுத்துவந்து, குழந்தையைச் சுற்றுவது போல நாலு பக்கமும் மடித்துச் சுற்றினாள். ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினாள்.

“குடிச்சிட்டுச் சீக்கிரம் கிளம்புடா, திருடா. நனைஞ்சிடப் போகுது.”