பாபுஜியிடம் மறைத்த கல்

“உங்க அப்பாகிட்ட நான் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதா?”

“எதுக்குப் பேசணும்? தபால்காரன் நான் ஒருத்தன் இருக்கேன்ல?”

“தபால்காரர் ஊர்ல இல்லன்னா?”

“சுவத்துகிட்ட சொல்லு காஞ்சன். எங்க வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமில்ல, வாயும் உண்டு.”

கல்யாணமான நான்காம் நாள் என் கணவர் பானு இப்படிச் சொல்லிச் சிரித்தார். ராஜ்கோட்டில் பி.ஏ. படித்தவள் நான். ஆனாலும் மாமனார் முன்னால் முகத்தையும் குரலையும் காட்டாத வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். பதினோரு வருடம் ஓடிவிட்டது. பாபுஜியும் என்னிடம் நேராக எதையும் கேட்டதில்லை. “பானு, இன்னொரு கம்பு ரொட்லா இருக்கான்னு கேளு” என்று காற்றைப் பார்த்துச் சொல்வார். உள்ளே வருவதற்கு முன் தொண்டையைக் கனைப்பார், நான் மூடிக்கொள்ள.

பாபுஜி என்றால் என் மாமனார், கிரிஜாசங்கர் வைத்தியர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. வீட்டுக்கு ஒருவருக்காவது கல்லடைப்பு இருக்கும். கொள்ளுக் கஷாயம், நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை என்று கொடுத்து, சிறுநீரைத் துணியில் வடிகட்டிப் பார்க்கச் சொல்வார். விழுந்த கற்களைச் சின்னக் குப்பிகளில் போட்டு, ஊர்ப் பெயர் எழுதி அலமாரியில் வைத்திருந்தார்.

ஆனால் அவர் பிடிவாதக்காரர் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “கோதுமை அளவு கல்லை மருந்து இறக்கும். முத்தின கல்லுக்குக் கத்திதான். நம்ம முன்னோரே எழுதி வச்சிருக்காங்க. எங்கிட்ட உக்காந்து அழாத, ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்று ஆட்களை விரட்டுவார்.

மூன்று மாதத்துக்கு முன் பானுவுக்கு விலாவில் வலி வந்தது. ஜாம்நகரில் ரகசியமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் வெள்ளையாக இருந்தது.

“பாபுஜிகிட்ட சின்னக் கல்லுன்னு சொல்லிட்டேன்” என்றார்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“ஊருக்கெல்லாம் கல்லை இறக்கினவர், பெத்த பிள்ளைக்கு முடியலையாம்னு டீக்கடையில சிரிப்பாங்க. இந்த வயசுல அவர் அதைக் கேக்கணுமா? கஷாயத்துலயே போயிடும் பாரு.”

“போகலன்னா?”

என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மணல் துகள்கூட இல்லை.

இப்போது மூன்று நாளாக அவருக்குக் காய்ச்சல். போர்வை மூன்று போட்டும் உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடியது. நேற்று இரவிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டபோது என்னைத் தெரியாதவர்போல் பார்த்தார். தம்ளரை உதட்டில் வைத்தால் கஷாயம் வழிந்து கழுத்துக்குப் போயிற்று.

முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாபுஜி பட்டையை இடித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

“பானு, துணியில ஏதாவது விழுந்துச்சான்னு கேளு.”

பதில் சொல்ல ஆள் இல்லை. வாசற்படிக்கு வந்து வளையலை இரண்டு தரம் குலுக்கினேன். இல்லை என்று அர்த்தம். வழக்கப்படி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சின்னக் கல்லுக்கு எதுக்கு இந்தக் காய்ச்சல்?” என்று தனக்குள் முணுமுணுத்தார். இன்னொரு பிடி பட்டையை எடுத்துப் பானையில் போட்டார். “எங்க தப்புப் பண்றேன்? கிருஷ்ணா, எங்க தப்புப் பண்றேன்?”

தப்பு என் கையில் இருந்தது. மெத்தைக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மறுபடி வளையலைக் குலுக்கினேன். புளியங்கொட்டை என்று வளையலால் எப்படிச் சொல்வது? சிறுநீர் நின்றுபோனதை எப்படிச் சொல்வது? அவர் திரும்பவில்லை. மருமகளின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பானு முனகினார். அப்புறம் அந்த முனகலும் நின்றது.

செருப்புக்கூடப் போடாமல் கொதிக்கிற முற்றத்தில் இறங்கினேன். அவருக்கும் அடுப்புக்கும் நடுவில் போய் நின்றேன். பதறி எழுந்து, துண்டால் முகத்தை மறைக்கப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அண்ணாந்ததில் முக்காடு தோளில் விழுந்தது. விட்டுவிட்டேன்.

அவர் கண்கள் அந்த வெள்ளைப் புள்ளியில் போய் நின்றன. அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்தது, பதினோரு வருடம் அந்த மனிதர் கேட்டிராத என் குரலில் வெளியே வந்தது.

“பாபுஜி, இது முத்தின கல். நேத்து ராத்திரியிலேர்ந்து அவருக்கு சிறுநீர் போகல. என்னையே அவருக்கு அடையாளம் தெரியல. அவரை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கத்தி வைக்கணும்னு உங்க வாயாலயே டாக்டர்கிட்ட சொல்லுங்க.”