அடுத்தவர் தும்மல்

தையல்காரியின் மகள் ஏழு வயதுக்கு மேல் தன் தும்மலைத் தும்மியதே இல்லை. தும்மியதெல்லாம் அடுத்தவர் தும்மல். அதற்கு முன்பு அவளுக்குத் தும்மவே நேரமில்லை. காதில் சீழ், நெஞ்சில் சளி, மறுபடி காது என்று மாதத்தில் பாதி நாள் படுக்கைதான். இதற்கெல்லாம் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரிதான் காரணம் என்று தையல்காரி முடிவு கட்டினாள். கண்டவர் துணியும் அங்கே வந்து குவிகிறது, அந்த ஆவியில்தான் நோய் வருகிறது என்று அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் ஓதினாள். ஒரே வருடத்தில் தெருவே அங்கே துணி போடுவதை நிறுத்தியது. இஸ்திரிக்காரி இரண்டு மேசையில் ஒன்றை விற்றாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நோயை எதிர்க்கும் சத்து இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் பிறவியிலேயே ஊறவில்லை, இதில் யார் மேலும் குற்றமில்லை என்றார். தையல்காரிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தவள் அதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம் வாயை அடைத்துவிட்டது.

நாலு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. பிள்ளை தேறினாள், சதை போட்டாள், நூல்தூசியில் தும்மவும் ஆரம்பித்தாள். முதல் மாதம் பஸ் கண்டக்டரைப் போல விசிலடித்துத் தும்மினாள். அடுத்த மாதம் மீசைக்கார போஸ்ட்மேனைப் போல, ஜன்னல் அதிர. டாக்டர் அதையும் சீட்டில் குறித்துக்கொண்டு, பசி எப்படி என்று கேட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் பிள்ளை இரண்டு குட்டித் தும்மலும் ஒரு நெடுந்தும்மலும் போட்டு, கடைசியில் "ஹம்மாடி" என்றாள். அந்தத் தும்மல் தெருவில் ஒருத்திக்குத்தான் உண்டு. சுவருக்கு அப்பால் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றது. தையல்காரிக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், மருந்து எதிலிருந்து வருகிறது என்று சொன்னாள், எல்லாம் ஐந்து மாதமாகத் தெரியும் என்பதையும் தலை நிமிராமல் சொன்னாள்.

இஸ்திரிக்காரி கையிலிருந்த சட்டையின் காலரை மடித்து முடித்தாள்.

"வருசத்துக்கு மூணு தடவ ரத்தம் குடுக்கறேன். யாருக்குப் போகுதுன்னு கேட்டதில்ல. உன் பொண்ணுக்குன்னு தெரிஞ்சிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா இனிமே உன்கிட்ட பேச மாட்டேன்."

அன்று சாயங்காலமே தையல்காரி வாசல் வாசலாக ஏறி, தான் பரப்பியது பொய் என்றும், தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னாள். சிலர் மறுபடி துணி போட்டார்கள், சிலர் போடவில்லை. இஸ்திரிக்காரி சொன்னபடி பேசவே இல்லை. ரத்தம் கொடுப்பதையும் விடவில்லை. பிள்ளை எப்போது தும்மினாலும், அது யார் தும்மலானாலும், தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறாள்.