மிஷின் வரும் வழி

பஞ்சைப் பிய்த்து, வாப்பாவைப் போர்த்தப்போகும் கபன் துணிமேல் பரப்பிக்கொண்டிருந்தபோது ஜவியாவின் கைப்பேசி அடித்தது. அறுப்பு மிஷின் ஓட்டும் ஹம்தான்.

"அக்கா, உங்க வயலுக்குத் திரும்புற இடத்துல வரிசையா கார் நிக்குது. மிஷின் நுழையாது. வாப்பா விஷயம் கேள்விப்பட்டேன். வேணும்னா அடுத்த வயலுக்குப் போயிடட்டுமா?"

"போகாத. இரு."

உள்ளே வாப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீர்ச் சத்தம். விடியலில் போன உயிர். நெல் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. மிஷின் போனால் மழைக்கு முன் திரும்பாது. நனைந்த கதிர் முளைவிடும். ஆலைக்காரன் ஈரமென்று பாதியைக் கழிப்பான். போன போகம் வாய்க்காலில் தண்ணீர் வராமலே கருகியது. வாப்பாவும் அவளும் ராத்திரியெல்லாம் மோட்டார் வைத்து இறைத்தும் மிஞ்சியது வைக்கோல்தான்.

முற்றத்தில் இடைத்தேர்தல் வேட்பாளர் உட்கார்ந்திருந்தார். எதிரில் வாப்பாவின் தம்பி சுயிப்.

"பெரியவர் நம்ம தொகுதியோட தூண்," என்றார் வேட்பாளர். "ஜெயிச்சதும் முதல் வேலை வாய்க்கால்தான்."

"போன தேர்தல்லயும் அதுதான் முதல் வேலை," என்றார் சுயிப், கொட்டாவியை அடக்கியபடி.

ஜவியா முக்காட்டை இழுத்துவிட்டு வந்து நின்றாள். "ஐயா, காரை எடுக்கச் சொல்லுங்க. அறுப்பு மிஷின் நிக்குது."

வேட்பாளர் சுயிப்பைப் பார்த்தார். சுயிப் எழுந்தார்.

"இன்னிக்கா ஜவியா? மையத்து வீட்டுல இருக்கு. ஊர் என்ன பேசும்?"

"ஊர் வந்து நெல்லைக் காயவைக்குமா சாச்சா?"

"நானும் தோள் கொடுக்கத்தாம்மா வந்தேன்," என்றார் வேட்பாளர்.

"கொடுங்க. காரை எடுத்துட்டுக் கொடுங்க."

"ஓட்டு உங்களுக்குத்தான்னு சொல்லுடி, கார் பறந்துடும்," என்றாள் பக்கத்து வீட்டு ஜைத்துன். கபன் துணியருகே இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேட்பாளரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. ஆளை அனுப்பினார்.

ஓட்டுநர்கள் வாய்க்கால் கரைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தார்கள். கடைசிக் கார் சறுக்கி, ஜவியா வந்து நின்றிருந்த வயலோரத்தை மிதித்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா."

"எடு முதல்ல."

மிஷின் இறங்கியது. கபனிட்டு முடிந்து, வாப்பாவைச் சுமந்த சந்தூக்கும் வீட்டிலிருந்து புறப்பட்டது. பெண்கள் வாசலோடு நின்றார்கள். ஜவியா மட்டும் வயலோரம் நின்றாள். சந்தூக்கின் முன்காலை வேட்பாளர் தோளில் வைத்திருந்தார். படம் எடுப்பவன் பின்னுக்கு நடந்தபடி எடுத்தான். வாப்பாவை வயலை ஒட்டித்தான் கொண்டுபோக வேண்டும். மையவாடிக்கு வேறு பாதையில்லை.

ஹம்தான் அதைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினான். மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

சத்தம் நின்றதும் அவர்கள் ஓதுவது தெளிவாகக் கேட்டது. சாச்சாவின் கட்டைக் குரல்கூடத் தனியாகக் கேட்டது. ஜவியா கேட்டுக்கொண்டு நின்றாள். புறங்கையில் ஒரு துளி விழுந்தது. கழுத்தில் இன்னொன்று.

அவள் ஹம்தானைப் பார்த்துக் கையை வீசினாள். அவன் புரியாமல் உட்கார்ந்திருந்தான். மறுபடி வீசினாள்.

மிஷின் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அதற்குப் பிறகு ஓதுவது கேட்கவில்லை.