விளம்பரத்தில் இருந்த நான்காவது சொல்

அண்ணி ஏழு மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. எட்டாவது விளம்பரத்தை மடிக்கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்தான் கொழுந்தன். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் அண்ணி. ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவர். அந்த மருத்துவமனை மூடப்பட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன.

“என்ன அண்ணி இது, ‘கருவிகளைக் கழுவி அடுக்குதல்’னு எழுதியிருக்கீங்க? பாத்திரம் தேய்க்கவா போறீங்க? முதல்ல கம்ப்யூட்டர்தான் படிக்கும். விளம்பரத்துல உள்ள வார்த்தை நம்ம பயோடேட்டாவுல இல்லைன்னா ஓரமா தள்ளிடும்.”

“அப்ப என்னதான் பண்றது, தம்பி?”

“நாலு வார்த்தை கேட்டிருக்காங்க. நாலையும் போட்டாச்சு.”

கிருமிநீக்கம், பதிவேடு பராமரிப்பு, சரியாகக் கிருமி நீங்காத கருவித் தொகுதியைத் திரும்பப் பெறுதல், வென்டிலேட்டர் பரிசோதனை.

“வென்டிலேட்டரா? அதைத் துணியால துடைச்சதோட சரிப்பா!”

“துடைக்கும்போது பார்த்தீங்கல்ல? அதான் பரிசோதனை. யாரு வந்து கேட்கப் போறா?”

அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும், இம்முறையும் பதில் வராமற்போய்விடுமோ என்ற அச்சம் அவர் வாயை அடைத்துவிட்டது.

மூன்றாம் நாளே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

தலைமைச் செவிலியர் அவரை உட்காரவே சொல்லவில்லை. பயோடேட்டா தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, நீண்ட நடைகூடத்தின் கோடியில் இருந்த அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வென்டிலேட்டர், ரப்பர்ப் பை ஒன்றை ஊதுவதும் விடுவதுமாக இயங்கிக்கொண்டிருந்தது.

“மத்தியானம் இது ஒரு குழந்தைக்குப் போகுது. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க.”

பேனா நீட்டப்பட்டது. அண்ணி அதை வாங்கினார். படிவத்தில் கையெழுத்துக்கான கோடு காத்திருந்தது. போட்டால் வேலை, போடாவிட்டால் மீண்டும் அதே சாப்பாட்டு மேசை. ரப்பர்ப் பை மூன்று முறை உப்பி அடங்கியது. அண்ணி பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா. எனக்கு இது தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டேன்.”

தலைமைச் செவிலியர் படிவத்தை மெல்ல மடித்தார். “என்ஜினியர் காலையிலேயே பார்த்துட்டார். உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் யோசிக்காம கையெழுத்துப் போட்டுட்டாங்க.” பிறகு தாளைக் காட்டினார். “மத்த மூணு வார்த்தையும் இப்படித்தானா?”

“இல்லம்மா! அது நான் செஞ்ச வேலை. கிருமி செத்திருந்தா நிறம் மாற வேண்டிய சோதனைப் பட்டை ஒருநாள் மாறலை. அதுக்குள்ள பன்னிரண்டு கருவித் தட்டு வெளிய போயிடுச்சு. ஓடிப்போய் அத்தனையையும் திரும்ப வாங்கினேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல டாக்டர் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. ஆனாலும் நான் தட்டை விடலையே!”

“அடடா, இதைத்தானே எழுதியிருக்கணும்! வெறும் வார்த்தையா தூவி வெச்சிருக்கீங்களே.”

மாலையில் அண்ணி வீட்டுப்படி ஏறியதும் கொழுந்தன் ஓடி வந்தான். “என்ன அண்ணி, வென்டிலேட்டர் வேலை செஞ்சுதா?”

“அந்த வார்த்தையை அடிச்சுட்டேன். மூணு வார்த்தைக்குத்தான் வேலை கொடுத்திருக்காங்க. திங்கட்கிழமை சேரணும்.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். அண்ணியின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

“செஞ்ச வேலையை அவங்க தேடுற வார்த்தையிலயே சொல்லணும்னு நீ சொன்னது சரிதான், தம்பி. அது தெரியாமத்தான் ஏழு இடத்துல கோட்டை விட்டேன். ஆனா செய்யாத வேலைக்கு அந்த வார்த்தையைத் தொடவே கூடாது. அந்த மெஷின்ல நம்ம வீட்டுக் குழந்தை படுத்திருந்து, என்னை மாதிரி ஒருத்தி கையெழுத்துப் போட்டிருந்தா?”

கொழுந்தன் மேசைக்குத் திரும்பினான். மடிக்கணினியைத் திறந்து, தன்னுடைய பயோடேட்டாவில் இரண்டு வரிகளை அழித்தான்.