நாலு மணிக் கரண்ட்

வெயில் ஏறினால் ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று மாறும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் அந்தப் பங்குனியில் மாறியது கரண்ட் வரும் நேரம். காலை ஐந்து முதல் பதினொன்று வரை வந்துகொண்டிருந்த மோட்டார் கரண்ட், திங்கட்கிழமை முதல் நாலு மணிக்கே வந்து பத்து மணிக்கே போய்விடும் என்று லைன்மேன் சேட்டு தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் தீர்ந்தது என்பது அவன் நினைப்பு. அவனுக்குக் கூட்டுக் கிணறு இல்லை.

தாண்டவராயனுக்கு இருந்தது. அவனுக்கும் அவன் அண்ணன் ஏகாம்பரத்துக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பேச்சு மட்டும் கிடையாது. பாகம் பிரித்த நாலு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. பஞ்சாயத்தில் சொன்னபடி ஐந்திலிருந்து எட்டு வரை அண்ணன் முறை, எட்டிலிருந்து பதினொன்று வரை தம்பி முறை. எட்டானதும் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார். சத்தம் நின்றதும் தம்பி மண்வெட்டியோடு கிளம்பிப் போய், மடையைத் தன் வயலுக்குத் திருப்பி மோட்டாரைப் போடுவான். கடிகாரம் வாங்கத் துப்பில்லாமல் இல்லை, வாய் திறக்க மனமில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு.

இப்போது அந்த எட்டு மணிதான் வினையானது. எட்டு வரை என் முறை என்று அண்ணன் நாலிலிருந்து எட்டு வரை இறைத்துக்கொண்டால், தம்பிக்கு மிஞ்சுவது இரண்டே மணி நேரம். நவரை நெல் பால் பிடிக்கிற சமயம். இப்போது தண்ணீர் குறைந்தால் கதிரெல்லாம் பதராகிவிடும். அண்ணன் இப்படித்தான் செய்வார் என்று தாண்டவராயன் தானாகவே முடிவு கட்டினான். இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"நாலுக்கு முன்ன நான் மோட்டார் சுச்சாண்ட நிக்கணும். எட்டுன்னு வாயத் தொறக்கட்டும், அப்ப கீது சேதி," என்றான் பெண்டாட்டி சொக்கம்மாளிடம்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த கிதர் முகம்மதுவிடம் அலாரம் டைம்பீஸ் ஒன்று இரவல் வாங்கி வந்தான். நோன்புக்கு எழுப்புகிற டைம்பீஸ், ஒரு நாளும் ஏமாற்றியதில்லை என்று பாய் சொல்லிக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை படுக்கும்போது அதற்குச் சாவி கொடுத்துத் தலைமாட்டில் வைத்தான். பக்கத்தில் கொடுவாளையும் வைத்தான்.

சொக்கம்மாள் அந்தக் கொடுவாளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். போன வருஷம் வரப்புத் தகராறில் இதையே ஓங்கியவன் அவன். அன்றைக்குப் பிடித்து இழுக்க நாலு பேர் இருந்தார்கள். இருட்டில் கிணற்றடியில் யார் இருப்பார்கள்? பயிர் போனால் போகட்டும், ஒருத்தர் சுடுகாட்டுக்கும் ஒருத்தர் ஜெயிலுக்கும் போக வேண்டாம் என்று நினைத்தாள். அவன் குறட்டை விட்டதும் டைம்பீஸின் தலையிலிருந்த குமிழை விரலால் அமுக்கினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அலாரம் அடிக்கவில்லை. அவன் கண் விழித்தபோது பொலபொலவென்று விடிந்து, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டைம்பீஸையும் கிதர் முகம்மதுவையும் சேர்த்து வைதான். மூன்று மணி நேரக் கணக்கில் பார்த்தால் ஏழுக்கு நிற்க வேண்டும், அதுவரை பொறு என்று அவள் உட்காரவைத்தாள். ஏழானது, நிற்கவில்லை. எட்டும் ஆனது. கொடுவாளை எடுத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

"பத்து வரிக்கும் அவரே எறைக்கட்டும்யா. ஊரே பாக்கட்டும். அப்பால பஞ்சாயத்துல கேளு."

அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்துப்போனது. அண்ணனை நாலு பேர் முன்னால் திருடனாக்க இதைவிட நல்ல நாள் வருமா? வாசலிலேயே உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வஞ்சம் வளர்த்தான். ஒரு பொழுது ரத்தமில்லாமல் கழிந்ததே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போய் மோட்டார் தானாக நின்றது. அவன் வயலுக்கு நடந்தான், அவள் பின்னாலேயே ஓடினாள். முதலில் கண்ணில் பட்டது தண்ணீர். அவர்கள் வயலில், வரப்பு முட்ட நின்றது. அண்ணன் வயல் மடை மண் போட்டு மிதித்து அடைக்கப்பட்டிருந்தது. மோட்டாரை நிறுத்தித் தம்பி நடந்து வருவதற்குள் கால் மணி நேரம் வீணாகுமே என்று ஏழு மணிக்கு அவரே மடையைத் திருப்பிவிட்டிருக்கிறார்.

ஏகாம்பரம் வரப்பில் குப்புறக் கிடந்தார். மடை அடைக்க மண் அள்ளியபோது கையை வளையில் விட்டிருக்கிறார், உள்ளே பாம்பு இருந்திருக்கிறது. புறங்கையில் இரண்டு பல் தடம். மேல்துண்டைப் பல்லால் இழுத்து முழங்கைக்குக் கீழே இறுகக் கட்டியிருந்தார். அவர் பெண்டாட்டி பாஞ்சாலி மகள் பிரசவத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தாள். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்து, தம்பி வீட்டுப் பக்கம் நடந்து வந்தவர் பாதியில் விழுந்துவிட்டார். கூப்பிட்டிருப்பார். மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்?

பிணத்தை எடுத்த பிறகும் தாண்டவராயன் ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதான். அந்த அலாரம் அடித்திருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேனே, தோளில் போட்டுக்கொண்டாவது ஓடியிருப்பேனே என்றான். கொடுவாளோடு போயிருப்பான் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. சொக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கக் கிதர் முகம்மது வந்தார். உங்கள் டைம்பீஸ் என்னைக் கெடுத்துவிட்டது என்று தாண்டவராயன் அதை அவர் கையில் கொடுத்தான். பாய் சாவி கொடுத்தார், தலையிலிருந்த குமிழைத் தூக்கிவிட்டார், முள்ளைத் திருகினார். வீடே அதிர அடித்தது.

"நல்லாத்தானே அடிக்குது தம்பி. யாரோ குமிழ அமுக்கி வச்சிக்கீறாங்க," என்றார் ஒன்றும் அறியாதவராய்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். தாண்டவராயன் சொக்கம்மாளைப் பார்த்தான்.

"கொடுவாளப் பாத்துப் பயந்துட்டேன்யா," என்றாள்.

அவன் ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

மறுநாள் இரண்டு வயலுக்கும் அவன்தான் பாய்ச்ச வேண்டும். விளக்கை அணைக்கும் முன், நாலுக்கு எழுப்பட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீ எயுப்ப வேணாம்," என்றான். கரண்ட் வருகிற வரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான்.