ஆளுக்குக் கால் சுற்று

பல் டாக்டரின் வண்டி பிரிட்டனில் பிறந்தது. அதைப் பெற்ற தொழிற்சாலையை இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது. மூடிய பிறகும் புகார்க் கடிதங்கள் வந்துகொண்டே இருந்ததால், கட்டடத்தை இடித்தவர்கள் தபால் பெட்டியை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று கேள்வி. பச்சை நிறம், இரண்டு கதவு, மடக்குகிற கூரை. கூரையை மடக்கினால் மழை வரும், விரித்தால் வெயில் அடிக்கும். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். வைப்பர் வேண்டுமென்றால் இறங்கிப் போய்த் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் வாயைத் திறந்து பார்த்தவர், ஓய்வு பெற்றதும் பானட்டைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். வாயே பரவாயில்லை. எங்கே வலிக்கிறது என்றாவது சொல்லும்.

இப்போது வீட்டைக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோகப் போகிறார்கள். பதினோராவது மாடி. லிஃப்ட் உண்டு, காற்று உண்டு, வண்டி நிறுத்த இடம் மட்டும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. டாக்டரின் மனைவியை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடும். அதில் என்ன சுவாரசியம் இருக்கிறதென்று டாக்டருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பழைய கார் ஷோவில ஊர்வலம் விடுவாங்கல்ல," என்றார் டாக்டரம்மா, பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே. "என்னைப் பக்கத்துல உக்கார வச்சு மைதானத்தை ஒரே ஒரு சுத்து, நிக்காம வந்துடுங்க. பார்க்கிங் என் சக்களத்திக்கே. என் காரை நான் வித்துடறேன்."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா ஓட்டல்காரருக்கு."

ஓட்டல்காரர் புதிதாக ஒரு கடை திறக்கிறார். பழைய கார் ஒன்றின் முகத்தை மட்டும் அறுத்து எடுத்து, அதைக் கல்லாவாக வைத்து, பின்னால் உட்கார்ந்து பில் போட வேண்டும் என்பது அவருடைய கனவு. போன வாரம் வீட்டுக்கு வந்து இஞ்ச் டேப்பால் ஒரு ஹெட்லைட்டிலிருந்து மறு ஹெட்லைட் வரைக்கும் அளந்துவிட்டே போனார். பல்செட்டுக்கு அளவெடுக்கிற முகம் எப்படி இருக்கும் என்று டாக்டருக்குத் தெரியாதா? அன்று அவர் சாப்பிடவில்லை. வேறு யாராவது வாங்குவார்களா என்று ஊரெல்லாம் விசாரித்தும் பார்த்தார். விசாரித்த இடத்திலெல்லாம் இதைவிட மோசமான ஒன்றைக் காட்டி, "இதை நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார்கள்.

சனிக்கிழமை காலை வண்டி தன் காலாலேயே மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. அதுவே ஒரு செய்தி. சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகும், விடைபெற்றுக்கொண்டு வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி எஞ்சின் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் அடங்கியது. அவ்வளவு நல்ல நிலையில் இருந்தது.

எதிர் வரிசையில் ஜெர்மன் வண்டிக்காரர்கள் கம்பளம் விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் கார் கிளப்பில் வண்டிக்கு அடியில் தகரத் தட்டு வைப்பதுதான் வழக்கம். எண்ணெய் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டதென்று பொருள், மற்றவர்கள் வந்து துக்கம் விசாரிப்பார்கள். ஒரு காலத்தில் நாற்பது வண்டி இருந்த கிளப் இது. சிலர் இறந்துபோனார்கள், சிலர் ஜப்பான் கார் வாங்கினார்கள். இரண்டு வகையினருக்கும் கிளப் ஒரே அளவில்தான் மலர்வளையம் அனுப்பியது.

மிஞ்சியது ஐந்து பேர். டாக்டரைத் தவிர, தலைவராகக் கேப்டன். கப்பலில் இருந்தவர், தரையில் எதைப் பார்த்தாலும் கட்டளையிடுவார். அடுத்து அச்சகக்காரர். அடுத்து டாக்டரம்மாவின் தம்பி, அதாவது டாக்டருக்கு மச்சினன். கடைசி ஆள் எந்நேரமும் வண்டிக்கு அடியிலேயே கிடப்பதால் அவருக்கு அடியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. செருப்பை வைத்துத்தான் அடையாளம்.

டீ குடிக்கும்போது டாக்டர் விஷயத்தைச் சொன்னார். பார்க்கிங், ஒரு சுற்று, ஓட்டல்காரர், இஞ்ச் டேப், எல்லாம்.

"அறுக்கப் போறானா?" என்று ஒரு வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"முகத்தை மட்டும்."

"அடப்பாவி!"

"அக்கா சொன்னா செஞ்சிருவா அத்தான்," என்றான் மச்சினன். "சின்ன வயசுல என் பட்டத்தை அடுப்புல போடுவேன்னா. போட்டா."

கேப்டன் எழுந்து நின்றார். "டாக்டர், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கிளப் இருக்கு."

அப்போதே டாக்டருக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். அவருக்கோ கண் கலங்கியது.

ஷோவில் சனிக்கிழமை முழுக்க பானட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டும், ஜனங்கள் எஞ்சினைப் பார்ப்பதற்காக. டாக்டர் வண்டியில் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்ட இரட்டைக் கார்புரேட்டர். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கிற மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று மூச்சு விட்டால் மற்றதற்குப் பொறுக்காது. இரண்டையும் சமாதானமாக வைத்திருப்பது ஒவ்வொன்றுக்கும் அடியில் இருக்கிற ஒரு சின்னத் திருகு. கால் சுற்று அதிகம் போனால் புகை, கால் சுற்று குறைந்தால் இருமல். டாக்டர் ஆறு வாரம் மெனக்கெட்டு இரண்டு திருகையும் சரியான இடத்தில் நிறுத்தியிருந்தார்.

மதியம் டாக்டரம்மா சாப்பாடு கொண்டுவந்தார். இருவரும் மரத்தடியைத் தேடிப் போனார்கள். திறந்த பானட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் கடந்துபோவது அந்தக் கிளப்பில் பெரிய அவமரியாதை. பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கும்போது பாட்டுப் போடுகிற மாதிரி.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார். கறுப்பாக ஒரு புகை விட்டது. குனிந்து பார்த்தால் திருகு இரண்டும் பளபளவென்று இருந்தன. யாரோ துடைத்திருக்கிறார்கள்.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

கேப்டன் வானத்தைப் பார்த்தார். வானத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

"தொடலை டாக்டர். ஒரு கால் சுத்து. வலது பக்கம். உங்களுக்கு இருக்கிற கஷ்டத்துல நான்கூட பார்க்கலேன்னா எப்படி?"

"நீங்களுமா?" என்றார் அச்சகக்காரர். "நான் பார்த்தப்ப கொஞ்சம் டைட்டா இருந்துது. இடது பக்கம் கால் சுத்து விட்டேன்."

"அப்ப சரியாப் போச்சே," என்றார் டாக்டர் ஆசையாக.

"ரெண்டாவது கார்புரேட்டர்ல," என்றார் அச்சகக்காரர்.

மச்சினன் இரண்டிலும் கால் கால் சுற்று, ஒன்றுக்கும் மனத்தாங்கல் வராமல், பொதுவாகத் திருகியிருந்தான். அடியார் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. கீழேயிருந்தபடி தீப்பொறி விழுகிற நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை மட்டும் ஒரு தட்டு தட்டியிருந்தார். வேலை முடிந்ததும் கையடையாளம் தெரியாமல் துடைத்துவைத்தார்கள் ஒவ்வொருவரும். உபகாரம் செய்தது வெளியே தெரியக் கூடாது என்கிற பெருந்தன்மை.

டாக்டரால் கோபப்பட முடியவில்லை. சாப்பிட்டு வந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் ஒரு கால் சுற்று திருகியிருந்தார்.

அதைச் சரிசெய்ய ஆறு வாரம் வேண்டும். ஒலிபெருக்கியோ அதற்குள் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டுவிட்டது. டாக்டரம்மா கண்ணாடி, தொப்பி, கைப்பை சகிதம் வந்து ஏறி உட்கார்ந்தார். என்ன அதிசயமோ, நாலாவது திருப்பில் வண்டி உயிர்த்துவிட்டது.

பிரிட்டிஷ் வண்டிகள் எப்போதும் ஊர்வலத்தில் கடைசி. முன்னால் விட்டால் பின்னால் வருகிறவன் வழுக்குவான். டாக்டர் முதலில், மற்ற நால்வரும் அவருக்குப் பின்னால். கொட்டகையைத் தாண்டினார்கள், ஐஸ்கிரீம் கடையைத் தாண்டினார்கள். கழிப்பறைகளுக்குப் பின்னால், ஜனங்கள் இல்லாத வளைவில், எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிப்போனது. சரிவில் வண்டி மட்டும் நத்தை மாதிரி உருண்டுகொண்டிருந்தது.

"என்னங்க, நின்னுடுச்சா?"

"இல்லையே. வளைவுல மெதுவாத்தானே போகணும்."

சரிவு முடிந்து, வண்டி நிற்கப் போகிற அந்த நொடியில், பின்னாலிருந்து யாரோ தூக்கிவிட்டது மாதிரி நகர ஆரம்பித்தது. டாக்டர் கண்ணாடியில் பார்த்தார். நாலு வண்டிகள் கதவு திறந்தபடி அநாதையாக நின்றன. வண்டிக்குப் பின்னால் கேப்டனின் வழுக்கை தெரிந்தது. டிக்கியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் அச்சகக்காரர். மச்சினன் தெரிந்தான். நாலாவதாக ஒரு முகம். யாரென்று பார்த்தால் அடியார். நல்ல முகம்தான், பாவம்.

டாக்டர் இரண்டாவது கியருக்கு மாற்றுகிற மாதிரி ஒரு பாவனை செய்தார்.

"சத்தத்தையே காணோமே," என்றார் டாக்டரம்மா.

"டியூனிங்."

"இத்தனை வருஷமா இப்படி ஓட்டியிருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்."

"அத்தான், பிரேக்கை விடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி குரல் மாதிரி இருக்கு."

"அவன் வண்டியில பிரேக் சரியில்லை. அதைத்தான் சொல்றான்."

டாக்டரம்மா தலையைத் திருப்பவில்லை. கைப்பையை மடியில் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் இருக்கிற பக்கம் வந்ததும் கைதட்டல் கேட்டது. டாக்டர் கையசைத்தார். ஹாரனை அமுக்கினார், வைப்பர் ஆடியது. ஜனங்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைக் காட்டியது. அது பல வருடமாக அறுபதில்தான் இருக்கிறது. முடிவு வளைவுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. அதில் ஏறும்போது கொல்லன் துருத்தி மாதிரி மூச்சுச் சத்தம் கேட்டது. அது எஞ்சின் சத்தம் என்று டாக்டர் சொல்லவில்லை.

வளைவைத் தாண்டி வண்டி நின்றது. டாக்டரம்மா இறங்கிப் பின்னால் போனார். கேப்டன் புல்லில் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டரம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து தன் தம்பியிடம் கொடுத்து, அவருக்குக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கைக்குட்டையை நனைத்துக் கேப்டன் நெற்றியில் போட்டார். பிறகு டாக்டரிடம் வந்தார்.

"ஒரு சுத்து வந்தாச்சு. நிக்கலை. சொன்னா சொன்னதுதான், பார்க்கிங் அதுக்கே."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"ஆனா அந்த ஃபிளாட்ல பார்க்கிங் ரெண்டு தளம் கீழ இருக்கு. வெளிய வரணும்னா ஏத்தம். தினம் இவங்க நாலு பேருக்கும் போன் பண்ணி வரவழைக்கணும்."

"இல்ல, சரி பண்ணிடலாம்," என்று புல்லில் கிடந்தபடியே கேப்டன் கையை நீட்டினார். "ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. ஒரே ஒரு கால் சுத்து."

"இடது பக்கம்," என்றார் அச்சகக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நான் அடியில பார்த்துடறேன்," என்று அடியார் அதற்குள் படுத்துவிட்டார்.

டாக்டர் தன் கையைப் பார்த்தார். அது சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்: இனி அடைத்துப் பிரயோசனமில்லை, பிடுங்கித்தான் ஆக வேண்டும். யாரும் உடனே ஒப்புக்கொண்டதில்லை. எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே டாக்டர் என்பார்கள்.

வாசல் பக்கம் ஓட்டல்காரர் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் நடந்துபோய்ச் சாவியைக் கொடுத்தார்.

"ஓடுதா சார்?" என்றார் அவர், மரியாதைக்கு.

"உங்களுக்கு எதுக்கு?" என்றார் டாக்டர்.

கடை திறந்த அன்று கிளப் முழுவதும் போயிற்று. மலர்வளையம் வேண்டாம் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டார். நல்ல கூட்டம். நடுக்கூடத்தில் பச்சை முகம் மெழுகு போட்ட மாதிரி மின்னியது. ஹெட்லைட் இரண்டும் எரிந்தன. அந்த வண்டியில் இரண்டும் ஒரே சமயத்தில் எரிந்து டாக்டர் பார்த்ததில்லை. பம்பருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி, அதில் ஓட்டல்காரர், அவ்வளவுதான்.

முதலில் பார்த்தவர் அடியார்தான். பழக்கதோஷம், அவர் கண் கீழேதான் போகும். பம்பருக்கு நேர் கீழே தரையில் ஈரமாக, கைக்குட்டை அளவுக்கு ஒரு திட்டு.

"டாக்டர்," என்றார் மெதுவாக. "சொட்டுது."

எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, எண்ணெய் ஊற்ற இடமே இல்லை. ஆனாலும் ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், கல்லா முன்னால் வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு குந்தினார். மோதிர விரலால் தொட்டு எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

மேலே நிமிர்ந்தால் ஏ.சி. பெட்டி. அதன் ஓரத்தில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

"என்னங்க?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணி."

"எந்திரிங்க. வழியில உக்காந்திருக்கீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. நாலு பேரும் போய், பின்னாலிருந்து தள்ளித்தான் அவரை நிறுத்த வேண்டியிருந்தது.