கதவுக்கு மேல் இருந்த ஒடில்

"ஏழு வருஷமா அவ காலடியிலதான் வேலை பாக்கிறே. ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலைன்னா நீ என்னய்யா மனுஷன்?"

ஒனோரின் போட்ட சத்தம் கொம்பியேன் ஊரின் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. சரியாகக் கேட்காத வீட்டார் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு செலி பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். அன்செல்ம் மட்டும் சூப்புக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பார்க்கமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், பார்க்கவில்லை, என்றான்.

அன்செல்முக்கு அரண்மனையில் தரை மெழுகும் வேலை. காலில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு, மரத்தரையில் மெழுகைத் தேய்த்துத் தேய்த்து, வலது தொடை இடதைவிடப் பருத்துவிட்டது என்று சந்தில் கேலி உண்டு. ஒனோரினுக்கு அங்கேயே கீழ்க்கட்டில் வெள்ளைத்துணி அறையில் வேலை. இவர்களுடைய ஒரே பெண் ஒடில். சின்ன வரவேற்பறைக் கதவுக்கு மேலே வைக்கப் படம் எழுத வந்த ஓவியன் முன்னால் அவள் போய் உட்கார்ந்தாள். ஒரு தோள் திறந்திருந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள். (யார் என்று செலியைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.) அன்செல்ம் அன்றைக்கே மகளின் மூட்டையைத் தெருவில் வைத்தான். அந்த அறையில் இனித் தலையை நிமிர்த்தமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். பாரிசுக்குப் போன பெண் மூன்றே வருஷத்தில் காலராவில் போய்விட்டாள். சவப்பெட்டிகூட ஊருக்கு வரவில்லை.

ஆகக்கூடி, மிச்சம் இருந்தது கதவுக்கு மேலே உள்ள அந்த முகம் ஒன்றுதான். அதையும் ஒனோரின் பார்த்ததில்லை. துணி அறைப் பெண்கள் மாடிப்படியின் பச்சைக் கதவைத் தாண்டி மேலே கால் வைத்தால் மறுநாள் வேலை இல்லை.

இப்போது சேடான் போரில் சக்கரவர்த்தி பிடிபட்டுவிட்டார், பிரஷ்யப் படை வந்துகொண்டிருக்கிறது. அரண்மனைப் படங்களைப் பெட்டியில் அடித்துப் பாரிசுக்கு அனுப்புகிறார்கள். விடிந்தால் சின்ன வரவேற்பறையின் முறை. ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சிப் பார்த்தாள் ஒனோரின். அதுவும் முடியாதென்றால், மூஞ்சி எப்படி இருக்கிறதென்றாவது சொல் என்றாள். அன்செல்ம் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டான்.

காலையில் அவளுக்கே வழி கிடைத்தது. படம் சுற்றுவதற்குப் பழைய படுக்கை விரிப்புகள் வேண்டும் என்று மேலேயிருந்து ஆள் வந்தது. மற்றத் துணி அறைப் பெண்கள் எழுந்திருப்பதற்குள் ஒனோரின் இருபது விரிப்பை வாரி எடுத்துக்கொண்டு ஏறினாள். வழியில் தங்கச் சட்டங்கள், கழற்றிய கண்ணாடிகள், சுவரில் சாய்த்த சேனாதிபதிகள். ஒன்றையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்ன வரவேற்பறையில் கதவுக்கு மேலே வெளிறிய ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கீழே பெட்டிக்கு ஆணி அடித்து முடித்தாயிற்று. அந்த அறைக்கு விரிப்பு நேற்றே வந்துவிட்டதாம்.

பட்டியல் எழுதும் திபோ என்ற இளைஞனிடம், ஒரே ஒரு பலகையை நெம்பிக் காட்டும்படி கேட்டாள். அவன் கல்மனசுக்காரன் இல்லை. ஆனால் வாசலில் வண்டி நின்றது, பத்து மணிக்கு ரயில். முடியாதம்மா என்றான். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அங்கே ஒருத்தர் பிரஷ்யாக்காரன் பூட்ஸுக்காகத் தரையை மெழுகிக்கொண்டிருக்கிறார், அவரிடம் பேசுங்கள் என்று சிரித்தான்.

அன்செல்ம்தான். காலியான அறையில், ஜன்னலோரம் ஒரே இடத்தை மண்டியிட்டுக் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். மற்ற இடம் தரையாக இருந்தது, அந்த இடம் தண்ணீராக இருந்தது. எதிரே கதவின் நிலை, வெளிறிய சதுரம் எல்லாம் அதில் தலைகீழாகத் தெரிந்தன.

ஒனோரினுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"தலையை நிமிர்த்தமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்," என்றான் அவன். "தரையைப் பாக்கமாட்டேன்னு சொல்லலையே."

"எப்படி இருந்தா?"

"அழுதுட்டே இருந்தா. வாய் ரெண்டு ஓரமும் கீழே இழுத்துக்கிட்டு. எந்நேரம் பாத்தாலும் அப்படியேதான். அதை வந்து உங்கிட்ட எப்படிச் சொல்லச் சொல்றே?"

ஒனோரின் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தாள். மூலையில் சக்கரவர்த்தியின் N எழுத்து. படிக்கத் தெரியாத அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அது. எத்தனை ஆயிரம் மடித்திருப்பாள், அதை மட்டும் தலைகீழாகப் பிடித்தாலும் அப்படியே இருக்கும். வேறெதுவும் அப்படி இல்லை.

அவள் திபோவிடம் போய், பட்டியலில் இந்தப் பெட்டிக்கு என்ன எழுதியிருக்கிறதென்று படிக்கச் சொன்னாள். திபோ விரலை வைத்துப் படித்தான்.

"நூத்திப் பதினாலு. வசந்தம். வாய்விட்டுச் சிரிக்கிற பெண், தோளில் பூ. கதவுக்கு மேல். ஒன்று."

"தலைகீழாப் பாத்திருக்கே, மடையா," என்றாள் ஒனோரின். சத்தமே வரவில்லை. "அவ சிரிச்சிட்டிருந்திருக்கா."

அன்செல்ம் மெழுகுத் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். இரண்டு ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பளபளப்பாக்கிய இடத்தின்மேலேயே நடந்து போனார்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அன்செல்ம் போய்விட்டான். நெஞ்சுச்சளி என்றார் வைத்தியர். சந்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். ஒனோரின் நோயோனில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். சமாதானம் ஆனபின் பெட்டிகள் திரும்பி வந்தன, படமும் பழைய இடத்துக்கே வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று ஆயிற்று. சந்தே தொப்பி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தது. சிரிப்புத்தான். ஒனோரினைப் போலவே முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது. அவளுக்கு எழுதிப் போடவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். செலி எழுதியிருப்பாள் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். மற்றவர்கள் எழுதியிருப்பார்கள் என்று செலி.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கை வந்து, அக்கா இறந்துபோனதைச் சொன்னாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நூத்திப் பதினாலு, வாய்விட்டுச் சிரிக்கிற பெண் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

செலி திபோவைக் கல்யாணம் செய்துகொண்டு அமியேனுக்குக் குடிபோய்விட்டாள். அவள் வீட்டு ஜன்னலைப் புதிதாக வந்தவர்கள் திறப்பதே இல்லை.